பந்தை எண்ணுபவர் யார்? பேஸ்பால் முகாம் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பள்ளி விடுமுறைக்கால விளையாட்டு முகாம்களைப் பற்றி எழுதியபோது, முன்னாள் தொழில்முறை வீரர்கள் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் கற்றுத்தரும் முகாம்கள் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தேன். காற்பந்துக்கும் பூப்பந்துக்கும் வராத அளவுக்குக் கடிதங்கள் அந்த இரண்டு வரிக்கு வந்திருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியராகவும் பள்ளி மென்பந்து (சாஃப்ட்பால்) அணியின் பயிற்றுவிப்பாளராகவும் நெடுங்காலம் திடலில் நின்றவன் என்ற முறையில், இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 5இல் படிக்கிறான். வயது 11. ஜூன் விடுமுறையில் ஐந்து நாள் பேஸ்பால் முகாம் நடக்கிறது என்றும், அமெரிக்காவிலும் தைவானிலும் ஆடிய முன்னாள் தொழில்முறை வீரர்கள் நேரடியாகப் பயிற்சி தருவார்கள் என்றும் வகுப்புத் தோழனின் தாய் ஒரு விளம்பரம் அனுப்பினார். அதைப் பார்த்ததிலிருந்து போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கட்டணம் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தொகை அன்று. வீட்டில் யாருக்கும் இந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. முன்னாள் வீரர் என்ற பெயரை நம்பிப் பணம் கட்டலாமா?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: சகோதரி, பெயரை மட்டும் நம்பிக் கட்ட வேண்டாம். அந்தப் பெயருக்குப் பின்னால் நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால் தயங்காமல் கட்டுங்கள். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை, விளையாட்டு தெரியாத பெற்றோரும் திடலோரத்தில் அரைமணி நேரம் நின்றால் கண்டுகொள்ளலாம்.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருவரைத் தொழில்முறை வீரர் என்றால் அவர் ஊதியத்துக்கு ஆடியவர் என்று மட்டுமே பொருள். எந்தப் படியில் ஆடினார் என்பது அதில் அடங்காது. அமெரிக்காவின் உச்சப் படியான மேஜர் லீக்கில் 30 அணிகள் இருக்கின்றன. அதற்குக் கீழே ட்ரிப்பிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று மைனர் லீக் படிப்படியாக இறங்குகிறது. ஜப்பானின் தொழில்முறை லீக்கில் 12 அணிகள், கொரியாவில் 10, தைவானில் 6. மேஜர் லீக்கில் பத்தாண்டு ஆடியவரையும் மைனர் லீக்கின் கீழ்ப்படியில் இரண்டே பருவம் ஆடியவரையும் விளம்பரம் ஒரே சொல்லால்தான் குறிக்கும். பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்ற இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தால், எந்த ஆண்டு, எந்த அணி, எத்தனை ஆட்டம் என்ற விவரம் கிடைக்கும். அங்கு கிடைக்காவிட்டால் ஏற்பாட்டாளரிடமே கேளுங்கள். உண்மையில் ஆடியவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார். கேட்டதற்கு மகிழ்ந்து, கூடுதலாக நாலு கதையும் சொல்வார்.

ஆனால் எவ்வளவு உயரத்தில் ஆடினார் என்பதும், பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தரத் தெரியுமா என்பதும் வேறு வேறு. ஜப்பானின் இச்சிரோ சுசுகியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 1,278, அமெரிக்க மேஜர் லீக்கில் 3,089 என மொத்தம் 4,367 ஹிட்டுகள் (அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் முதல் பேஸை, அதாவது முதல் ஓட்ட நிலையை, சேரும் அடிகள்) அடித்தவர். 2025இல் அமெரிக்காவின் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்ட முதல் ஜப்பானியர். அவர் 2019இல் ஓய்வுபெற்று, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கற்றுத்தர விரும்பியபோது நேராகத் திடலுக்குப் போய்விட முடியவில்லை. 1961இல் எழுந்த ஒரு பிணக்கிலிருந்து, ஜப்பானில் தொழில்முறை ஆட்டத்துக்கும் மாணவர் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருந்துவந்தது. முன்னாள் வீரர்கள் மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. அதற்கென நடத்தப்படும் வகுப்பில் அமர்ந்து தகுதி பெற்றால் போதும் என்று 2013இல்தான் விதி தளர்ந்தது. இச்சிரோவும் மற்ற முன்னாள் வீரர்களைப் போலவே 2019 டிசம்பரில் அந்த மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்தார். 2020 பிப்ரவரியில் தகுதி பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில், 47 வயதில், சிபென் வாக்கயாமா உயர்நிலைப் பள்ளி மாணவர்களோடு மூன்று நாள் ஓடியும் எறிந்தும் மட்டை வீசியும் காட்டினார். மறு கோடையில் அந்தப் பள்ளி கோஷியென் தேசியப் போட்டியை வென்றது. அந்த மூன்று நாளால்தான் வென்றது என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய வீரரும் மாணவர்கள் முன் நிற்பதற்கு முன்னால் தாமே மாணவராக அமர வேண்டியிருந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு நேர்மாறானவர் சார்லி லாவ். மேஜர் லீக்கில் 11 பருவங்கள் ஆடிய கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர். மட்டை வீச்சில் அவருடைய சராசரி .255, அதாவது நூறு வாய்ப்பில் ஏறக்குறைய இருபத்தைந்து ஹிட்டுகள். மட்டையாளராக அவரை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவரிடம் மட்டைவீச்சுக் கற்ற ஜார்ஜ் பிரெட் 1980ஆம் ஆண்டுப் பருவத்தில் .390 அடித்தார். தமக்கு எளிதில் வராத ஒன்றை அணு அணுவாகப் பிரித்துப் பார்த்தவரால் அதை அடுத்தவருக்குச் சொல்லித்தர முடிந்தது. ஆகவே விளம்பரத்தில் பெரிய அணியின் பெயர் இல்லை என்பதற்காக ஒரு முகாமை ஒதுக்கிவிட வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன், இங்கு சிங்கப்பூரில் நடந்த ஒரு முகாமின் முதல்நாள் காலையில் திடலோரத்தில் நின்று பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய முன்னாள் பந்தெறிவாளர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். முதல் ஒரு மணி நேரம் யார் கையிலும் மட்டையைக் கொடுக்கவில்லை. பிள்ளைகளைப் புல்தரையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பந்தைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தையலைத் தடவச் சொன்னார். பேஸ்பால் பந்தில் சிவப்பு நூலால் போட்ட இரட்டைத் தையல்கள் 108. நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பழகிய எண். அந்தத் தையல் குதிரை லாடம்போல் வளைந்து திறக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதன் குறுக்கே விரல்களை வைக்க வேண்டும். பெரியவர்கள் இரண்டு விரலால் பிடிப்பார்கள். உள்ளங்கை சிறிதாக இருந்த ஒரு பையனுக்குப் பந்து நழுவிக்கொண்டே இருந்தது. அவர் அவன் எதிரே முழந்தாளிட்டு, தம் கண் அவன் கண்ணுக்கு நேராக வரும்படி அமர்ந்து, மூன்று விரலால் பிடிக்கலாம், கை வளர்ந்ததும் இரண்டு விரலுக்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லி, அவன் விரலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அதைவிட என் மனத்தில் நின்றது அவருடைய இடக்கை. பேருந்தில் ஆள் எண்ணுபவர்கள் வைத்திருப்பதைப் போன்ற, கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் சிறு கருவி ஒன்று அதில் இருந்தது. பந்தெறியும் முறைக்கு வந்த பிள்ளை ஒவ்வொரு முறை எறியும்போதும் ஒரு சொடுக்கு. முப்பது பந்தைத் தாண்டியதும், வேகமாக எறிந்துகொண்டிருந்த ஒருவனின் முழங்கை தோள்மட்டத்திலிருந்து சற்றே தாழத் தொடங்கியது. எனக்கு அது தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. அவனருகே போய், தோளில் கைவைத்து, பந்தை வாங்கிக்கொண்டு, கையுறையை மாட்டி முதல் பேஸில் நிற்கவைத்தார். அவனுக்கு அது தண்டனையாகவும் தெரியவில்லை, தோல்வியாகவும் தெரியவில்லை. வேறு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் ஓடினான். பல்லாயிரம் பந்து எறிந்த கையுடைய ஒருவரிடம் நாம் கொடுக்கும் பணம் அந்தக் கண்ணுக்காகத்தான்.

எனவே பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியது இதுதான்: என் பிள்ளை ஒரு நாளில் எத்தனை பந்து எறிவான், அதை யார் எண்ணுவார்? மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டியின்படி 11, 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் பந்தெறிவாளராக எறியக்கூடாது. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. ஐந்து நாள் முகாமில் ஒரு பிள்ளை தினமும் நூறு பந்து எறிவதாக யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த முகாம் வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை பிள்ளைகள், நட்சத்திரமாகப் பெயர் போட்டிருப்பவர் ஐந்து நாளும் திடலில் இருப்பாரா அல்லது முதல்நாள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவாரா என்று கேளுங்கள். மட்டை பிடிக்கும் எல்லாருக்கும் தலைக்கவசம் உண்டா என்று பாருங்கள். இடி மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் ஒதுங்கக் கூரை இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரப்பதமும் காற்றும் சேர்த்துக் கணிக்கப்படும் வெப்ப அழுத்த அளவு 33 டிகிரியைத் தொட்டால் அதிக அபாயம் என்று வானிலை நிலையம் வகைப்படுத்துகிறது. அது மைஎன்வி செயலியில் தெரியும். முகாம் நடத்துபவர் அதைப் பார்க்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. முடிந்தால் ஒருநாள் கட்டணம் மட்டும் கட்டி அனுப்பிப் பாருங்கள். அன்று மாலை மகன் வீட்டுக்கு வந்து, எத்தனை பந்து எறிந்தேன் என்று எண்ணைச் சொன்னால், மீதி நாலு நாளுக்கும் கட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் கிரிக்கெட் பித்தன். என் இரண்டு மகன்களும் பாலஸ்டியர் வட்டாரத்தில் கிரிக்கெட் பழகுகிறார்கள். மூத்தவன் (வயது 13) நண்பர்களோடு பேஸ்பால் முகாமுக்குப் போக வேண்டும் என்கிறான். அங்கு போனால் மட்டைபிடிப்பு கெட்டுவிடும் என்று எனக்கு அச்சம். நம் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு ஒத்துவருமா?
– ஒரு தந்தை, சுவா சூ காங்

பதில்: ஐயா, ஒரு வார முகாமால் மட்டைபிடிப்பு கெடாது. எறிவதிலும் பிடிப்பதிலும் உங்கள் மகன் நிறையப் பெற்றுவருவான்.

இரண்டு பந்தும் அளவில் உடன்பிறப்புகள். கிரிக்கெட் பந்தின் எடை ஏறக்குறைய 156 முதல் 163 கிராம். பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம். வேறுபாடு மட்டையில்தான். கிரிக்கெட் மட்டையின் முகம் 10.8 சென்டிமீட்டர் வரை அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். பேஸ்பால் மட்டை உருண்டை, அதன் பருத்த பகுதியின் விட்டமே 6.6 சென்டிமீட்டர்தான். எதிராளியின் பந்து தரையில் படாமல் நேராக வரும். நேர்மட்டை பிடித்துப் பழகியவனுக்கு முதல்நாள் பந்து மட்டையில் படுவதே அரிதாக இருக்கும். அவன் மனம் தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எறிவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரிக்கெட்டில் பந்துவீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது முறையற்ற வீச்சு. பேஸ்பாலில் முழங்கையை மடக்கி விசிறித்தான் எறிய வேண்டும். அந்த அசைவுக்கு அவன் கை புதிது. ஆகவே அவன் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுபவன் என்பதற்காக முதல்நாளே வேகமாக எறியவிடக்கூடாது என்பதைப் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லிவையுங்கள்.

களத்தடுப்பில் மட்டும் கிரிக்கெட் பேஸ்பாலுக்குக் கடன்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த பேஸ்பால் பயிற்றுவிப்பாளர் மைக் யங், ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணிக்குப் பல ஆண்டுகள் களத்தடுப்புப் பயிற்சி அளித்தார். எல்லைக்கோட்டுக்கு அருகிலிருந்து ஒரு துள்ளலோடு உடலைத் திருப்பி, விக்கெட் காப்பாளரின் கையுறைக்கே நேராகப் பந்து வருவதை இன்று தொலைக்காட்சியில் ரசிக்கிறோம் அல்லவா, அந்தத் துள்ளல் பேஸ்பாலில் வெளிக்களத்தில் நிற்பவருக்கு முதல் வாரத்திலேயே கற்றுத்தருவது.

நம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்கள் 2008இல் ஒரு போட்டியின் வழியாகத் தேர்வாகி அமெரிக்காவுக்குச் சென்றார்கள். அதற்கு முன் அவர்கள் பேஸ்பால் கையுறையைக் கையில் மாட்டியதில்லை. அவர்களுக்குக் கற்றுத்தந்தவர் டாம் ஹவுஸ் என்ற முன்னாள் மேஜர் லீக் பந்தெறிவாளர். 1974இல் ஹாங்க் ஆரோன் என்ற புகழ்பெற்ற மட்டையாளர் தமது 715ஆவது ஹோம் ரன்னை (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்துச் சாதனை படைத்தபோது, எல்லைக்கு அப்பால் நின்று அந்தப் பந்தைப் பிடித்தவரும் இவரே. சில மாதப் பயிற்சியில், அதே 2008 நவம்பரில், இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் மேஜர் லீக் வரை உயரவில்லை; ரிங்குவைக் காயங்கள் தடுத்தன. ஆனாலும் ஒன்றுமே அறியாத இரண்டு பேரைச் சில மாதத்தில் அந்த வாசல் வரை ஒரு முன்னாள் வீரரால் கொண்டுசெல்ல முடிந்தது. உங்கள் மகனுக்குப் பந்தும் மட்டையும் ஏற்கெனவே பழக்கம். அனுப்பிவையுங்கள்.

கேள்வி: நான் உயர்நிலை 2 மாணவன். வார நாளில் பள்ளி அணிக்கும், சனிக்கிழமை ஒரு மன்றத்துக்கும் பந்தெறிகிறேன். சென்ற விடுமுறையில் முன்னாள் வீரர்கள் நடத்திய முகாமுக்கும் போனேன். அங்கு என் வேகத்தைப் பாராட்டினார்கள். இப்போது ஒரு மாதமாக எறிந்த மறுநாள் முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது. கையை முழுவதும் நீட்ட முடிவதில்லை. இரவில் பாட்டியின் கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறேன். கோச்சிடம் சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: தம்பி, இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல். நாளை பந்தைத் தொடாதே. தைலம் வலியைத்தான் மறைக்கும்; உள்ளே நடப்பதை நிறுத்தாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முழங்கையின் உட்பக்கத்தில், எலும்பு வளரும் இடம் மெல்லிய குருத்தெலும்பாக இருக்கும். பந்தை விசிறும் ஒவ்வொரு முறையும் தசைநாரும் தசையும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கின்றன. பெரியவர்களுக்கு முதலில் நைவது தசைநார். உனக்கு நாரைவிட அந்தக் குருத்தெலும்புதான் பலவீனமானது. வலியும், கை முழுவதும் நீளாததும் அங்கே சிக்கல் என்பதற்கான அறிகுறிகள். பலதுறை மருந்தகத்துக்குப் போனால், தேவைப்பட்டால் மருத்துவமனையின் விளையாட்டு மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இப்போதே போனால் பெரும்பாலும் சில வார ஓய்விலும் பயிற்சியிலும் சரியாகிவிடும். மறைத்துக்கொண்டு எறிந்தால் அந்த இடம் எலும்பிலிருந்து பிரிந்துபோகக்கூடும்.

உன் நண்பர்கள் டாமி ஜான் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். 1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு, டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலக்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, எறியும் இடது முழங்கையில் பொருத்தினார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து, அதன்பிறகு மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் வேகம் கூடும் என்று நம்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அவர் ஒரு முழுப் பருவத்தை இழந்து, எறிவதை அடியிலிருந்து மறுபடி கற்றவர். அந்தச் சிகிச்சை கையை மீட்பதற்கு வந்தது. வேகம் கூட்டுவதற்கு அன்று.

இனி உன் கோச்சைப் பற்றி. நீ மூன்று இடத்தில் எறிகிறாய். பள்ளியில் எண்ணியிருப்பார்கள், மன்றத்திலும் எண்ணியிருக்கலாம், முகாமிலும் எண்ணியிருக்கலாம். மூன்றையும் கூட்டியவர் யார்? உன் கணக்கு முழுவதும் தெரிந்தவன் நீ ஒருவன்தான், தம்பி. முதல் பதிலில் சொன்ன ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டியின்படி 13, 14 வயதுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 95 பந்து. 21 முதல் 35 வரை எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், அதற்கு மேல் நான்கு நாள். வெள்ளிக்கிழமை பள்ளியில் 60 பந்து எறிந்துவிட்டுச் சனிக்கிழமை மன்றத்துக்குப் போனால், இரண்டு கோச்சுகளும் விதியை மீறவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உன் கை மட்டும் மீறியிருக்கும். ஆண்டுக்கு நான்கு மாதமாவது எறியாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் உண்டு. கடும்பயிற்சிக்குப் பேர்போன ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளிலேயே, 2020 முதல் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் ஒருவர் எறியக்கூடாது என்று விதி வந்துவிட்டது.

அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகர விளையாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை உன் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டும். களைத்த கையோடு எறிவதை வழக்கமாக வைத்திருந்த இளம் பந்தெறிவாளர்கள் அறுவைச் சிகிச்சை வரை செல்லும் வாய்ப்பு 36 மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். வளைவுப் பந்து எறிவதுதான் கையைக் கெடுக்கும் என்று பலரும் சொல்வார்கள். அதைவிட உறுதியாகத் தெரிந்த எதிரி களைப்பு.

உனக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன், நான் பயிற்சியளித்த மென்பந்து அணியில் உன் வயது மாணவி ஒருத்தி பந்தெறிவாள். ஓர் அரையிறுதி ஆட்டத்தின் நடுவில் என்னிடம் வந்து, தோள் வலிக்கிறது சார் என்றாள். இன்னும் இரண்டு இன்னிங்ஸ்தானே, முடித்துவிடு என்றேன். அவள் முடித்தாள், நாங்கள் வென்றோம். மறுநாள் அவளால் அந்தக் கையைத் தூக்கித் தலைவாரிக்கொள்ள முடியவில்லை. அந்த ஆண்டின் மீதி ஆட்டங்களைப் பெஞ்சிலிருந்து பார்த்தாள். அவள் ஒருமுறைகூட என்னைக் குறைசொல்லவில்லை. அந்தக் கோப்பை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட இன்று எனக்குத் தெரியாது. அவள் அன்று என்னிடம் வந்து நின்ற இடம் நன்றாகத் தெரியும். என்னிடம் சொன்னவளுக்கே அப்படி நடந்தது. நீ சொல்லவே இல்லை.

கோச்சிடம் இப்படிச் சொல்: “சார், ஒரு மாதமாக எறிந்த மறுநாள் முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது. கை முழுவதும் நீளவில்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறேன்.” இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முகாமில் உன்னைப் பாராட்டிய முன்னாள் வீரரின் தொடர்பு இருந்தால் அவருக்கும் சொல். தொழில்முறையில் பந்தெறிந்தவர்களில் முழங்கையோ தோளோ வலித்து ஒதுங்கியிராதவர் அபூர்வம். எப்படித் திரும்பி வந்தார் என்று அவர் உனக்குச் சொல்வார். ஓய்வுக்குப் பிறகு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, இடம், பந்தின் எண்ணிக்கை என்று எழுதத் தொடங்கு. மூன்று கோச்சுகளும் அதே நோட்டைப் பார்க்கட்டும்.

கேள்வி: என் பேத்திக்கு வயது 10. அண்ணன் போகும் பேஸ்பால் முகாமுக்குத் தானும் போக வேண்டும் என்கிறாள். பெண்பிள்ளைகள் ஆடுவது மென்பந்துதானே?
– ஒரு பாட்டி, தெம்பனிஸ்

பதில்: அம்மா, நம் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு இருப்பது பெரும்பாலும் மென்பந்து என்பது உண்மை. 2015இல் சிங்கப்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுகளை நடத்தியபோதும் மென்பந்துதான் இடம்பெற்றது, பேஸ்பால் இல்லை. மென்பந்தில் பந்து பெரிது, கையைத் தாழ்த்திச் சுழற்றி எறிவார்கள். ஆனால் பத்து வயதில் ஓட, பிடிக்க, எறிய, மட்டைவீசக் கற்பதற்கு இரண்டும் ஒன்றே. அமெரிக்காவில் மோனே டேவிஸ் என்ற சிறுமி 2014இல், 13 வயதில், லிட்டில் லீக் உலகத் தொடரில் பையன்களுக்கு எதிராகப் பந்தெறிந்து, ஓர் ஓட்டமும் கொடுக்காமல் ஆட்டத்தை வென்றாள். முகாமில் பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா, அவளோடு இன்னும் சிலராவது இருப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் கைக்குப் பொருந்தும் சிறிய கையுறை கிடைப்பது முக்கியம். அண்ணனுடைய பழைய கையுறை பெரிதாக இருந்தால் பந்து அதில் தங்காது.

கேள்வி: முன்னாள் தொழில்முறை வீரர் கையெழுத்திட்ட முகாம் சான்றிதழ், நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவுமா?
– ஒரு தந்தை, புக்கிட் பாஞ்சாங்

பதில்: சான்றிதழை நம்பி அனுப்ப வேண்டாம். நேரடிச் சேர்க்கையில், தேர்வு முடிவுக்கு முன்பே விளையாட்டுத் திறனைப் பார்த்து இடம் தரும் பள்ளிகள் பிள்ளையைத் தங்கள் திடலில் ஆடவைத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றன. அந்த வழியில் இடம் உறுதியானால், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தபின் வேறு பள்ளிக்கு மாற முடியாது; எந்தத் திறனுக்காகச் சேர்த்தார்களோ அதைத் தொடர்ந்து செய்யவும் வேண்டும். பிள்ளைக்கு அந்த விளையாட்டில் நாலு ஆண்டு நிற்கும் விருப்பம் இருக்கிறதா என்பதை முகாமில் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு வகையில் உதவும்.

கேள்வி: பள்ளிக் காலத்தில் ஆறு ஆண்டு மென்பந்து ஆடினேன். தேசிய சேவையை முடித்துவிட்டு இப்போது வேலை பார்க்கிறேன். ஒரு முகாமில் முன்னாள் தொழில்முறை வீரருக்கு உதவியாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. எனக்குத் தகுதி உண்டா?
– ஓர் இளைஞர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உண்டு, தம்பி. உங்களைப் போன்றவர் இல்லாமல் அந்த முகாம் நடக்காது. வெளியிலிருந்து வரும் வீரர் ஐந்து நாளில் விமானம் ஏறிவிடுவார்; ஆறாம் நாள் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்ல இங்கிருப்பவர் நீங்கள். அவருடைய ஆங்கில உச்சரிப்பு புரியாமல் விழிக்கும் பிள்ளையை அடையாளம் காணப்போவதும் நீங்கள்தான்.

தொடர்ந்து கற்றுத்தர எண்ணினால், ஸ்போர்ட் சிங்கப்பூரின் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகத்தில் பதிவதற்கான அடிப்படை வகுப்பையும் முதலுதவிச் சான்றிதழையும் இவ்வாண்டே முடித்துவிடுங்கள். பள்ளிகளில் பயிற்சியளிக்க அது வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென வகுத்த நடத்தை விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள். தனியே ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்காமலிருப்பது, உடலைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்பது போன்றவை பழக்கமாகிவிட வேண்டும்.

முகாமில் அந்த வீரர் சொல்வதைவிட அவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். நல்லவர்கள் பந்தெறியும் பிள்ளைக்குப் பின்னால் நிற்பதோடு, எறியும் கையின் பக்கமாக, முழங்கை தெரியும் இடத்துக்கும் அடிக்கடி போவார்கள். எப்போது பேசாமலிருக்கிறார் என்பதையும் பாருங்கள். பிள்ளை ஒரு பந்தைத் தவறவிட்டதும் உடனே திருத்தாமல், அடுத்த இரண்டு பந்தை அவன் தானே சரிசெய்ய விட்டு, மூன்றாவதற்குத்தான் வாய் திறப்பார். முதல்நாள் காலையிலேயே அவரிடம் போய், பந்து எண்ணும் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணுபவர் ஒவ்வொரு எறிவையும் பார்த்தே ஆக வேண்டும். ஐந்து நாளில் ஒவ்வொரு பிள்ளையின் கையும் எந்தப் பந்தில் தாழத் தொடங்குகிறது என்பது உங்களுக்கும் தெரிய ஆரம்பித்துவிடும்.